டான்சில் ஆபரேஷன் முடிஞ்ச குழந்தைக்கு வலி மருந்து அழுதா மட்டும் குடுக்கிறதா, மணி பார்த்துக் குடுக்கிறதா?

கோட்டையூர்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எம்மகனுக்கு நாலு வயசு, 16 கிலோ இருக்கான். ராத்திரி குறட்டை, வாயத் தெறந்துக்கிட்டேதான் தூக்கம், நடுவுல மூச்சு நின்னு நின்னு வரும், அதனால மதுரையில டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னாடி இருக்கிற சதை) ரெண்டும் சேர்த்து எடுத்தாச்சு. ஆபரேஷன் அன்னிக்கும் மறுநாளும் நல்லாத்தான் இருந்தான், ஐஸ்கிரீம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், அவ்வளவுதான் முடிஞ்சிருச்சுன்னு ஊருக்குக் கூட்டியாந்துட்டோம். இப்ப நாலாம் நாள், அப்படியே தலைகீழா மாறிருச்சு. எச்சிகூட முழுங்க மாட்டேங்கிறான், வாயோரமா வடியுது, காதப் பிடிச்சுக்கிட்டு அழுறான், டம்ளரக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிறான். டார்ச் அடிச்சுப் பார்த்தா ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாத் திட்டு, வாய் நாத்தம் வேற. சீழ் பிடிச்சிருச்சுன்னு எங்க மாமியார் பயப்படுறாக. பாராசிட்டமால் சிரப், ஐபுபுரூஃபன் சிரப் ரெண்டும் எழுதிக் குடுத்திருக்காங்க, ஆனா "இத்துணூண்டு பிள்ளைக்கு இம்புட்டு மருந்தா, ஈரல் கெட்டுப் போகும், அழுதா மட்டும் குடு"ன்னு வீட்ல பெரியவுக எல்லாரும் சொல்றாக. எம்மகனோட அப்பச்சி, அதான் அவன் அப்பா, சிங்கப்பூர்ல இருக்காக, போன்லதான் பேசுறோம். நேத்து ராத்திரி பூரா வளவுல, அதான் வீட்டு நடு முத்தத்துல, தூக்கிக்கிட்டே நடந்தேன். இந்த வழியா வந்தவுக யாராச்சும் இருந்தா சொல்லுங்க, என்ன செய்றதுன்னே புரியல.

பள்ளத்தூர்_ரமணி:
தங்கச்சி பயப்படாதம்மா, என் மகளுக்கும் இதே கதைதான். முதல்ல நல்லா இருக்கும், அப்புறம் ஏறும், ஒரு வாரம் ஆட்டி வச்சுட்டு அப்புறம் சடசடன்னு இறங்கும். டிஸ்சார்ஜ் பண்றப்ப இத யாரும் நமக்கு அழுத்திச் சொல்றதில்ல, அதான் கோபமா வருது, நாலாம் நாள் வலி கூடுறது வழக்கம்தான்னு ஒரு வார்த்த சொல்லிவிட்டா எத்தன அம்மா ராத்திரி நிம்மதியா இருப்பாங்க. காது வலியும் அவளுக்கு இருந்துச்சு, காதுல ஒண்ணும் இல்லன்னாங்க. விவரமா சொல்றவங்க வருவாங்க, நீ மருந்த மட்டும் நிறுத்தாத.

வார்டு_சிஸ்டர்:
நான் இஎன்டி (காது மூக்கு தொண்டை) வார்டுல ரொம்ப வருஷமா வேலை பாக்குறேன், இந்தக் கேள்வி வாராவாரம் வர்றதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த வெள்ளைத் திட்டு. அது சீழ் இல்லம்மா. டான்சில் எடுத்த இடத்துல தையல் போட்டு மூடுறதில்ல, தெறந்த புண்ணாத்தான் ஆறணும். முட்டி தேய்ஞ்சா மேல பொருக்குத் தட்டுமில்ல, அதே பொருக்கு வாய்க்குள்ள ஈரத்துல ஊறிக் கெடக்கிறதால வெள்ளையாத் தெரியுது. நாத்தமும் அதனாலதான். துடைக்காதீங்க, சுரண்டாதீங்க, விரல் விட்டுப் பாக்காதீங்க, தானா உரிஞ்சு போகும். காதுவலிக்குக் காரணம் ஒரே நரம்பு தொண்டைக்கும் நடுக்காதுக்கும் போறது, தொண்டையில இருக்கிற வலி காதுல இருக்கிற மாதிரி தெரியும். அதுக்காக நல்லெண்ணெய் காய்ச்சிக் காதுல ஊத்திராதீங்க, தொண்டை வலிக்குக் குடுக்கிற மருந்துலயே காதும் அடங்கும்.

முதல் நாள் ஏன் நல்லா இருந்தான்னா, தியேட்டர்லயே மயக்க மருந்தோட வலி மருந்தும் போகும், டெக்ஸாமெத்தசோன்னு ஒரு டோஸ் ஊசியும் போடுவாங்க, அது வாந்தியையும் வலியையும் குறைக்கும். அதெல்லாம் வடிஞ்சப்புறம்தான் நெஜ வலி தெரிய ஆரம்பிக்கும். மூணாம் நாள்லேர்ந்து ஏழாம் நாள் வரைக்கும்தான் உச்சம், முழுசா அடங்க பத்துப் பதினாலு நாள் ஆகும்.

இப்ப நீங்க கேட்டதுக்கு வர்றேன். அழுதா மட்டும் குடுக்கிறதுங்கிறதத் தயவுசெஞ்சு விடுங்க. நாலு வயசுப் பிள்ளைக்கு எல்லா நேரமும் "வலிக்குது"ன்னு சரியாச் சொல்லத் தெரியாது, தண்ணி குடிக்காம இருக்கும், அடம் பிடிக்கும், எச்சி வடிய உக்காந்திருக்கும், பேசாமக் கெடக்கும், அம்புட்டுதான். அழற வரைக்கும் காத்திருந்தா வலி ஏறி உச்சிக்குப் போயிருக்கும், அப்ப வாயவே தெறக்க மாட்டான், மருந்து எப்படி உள்ள போகும்? வலியால குடிக்கல, குடிக்காததால தொண்டை காயுது, காஞ்சதால இன்னும் வலிக்குது. இந்தச் சுத்துல மாட்டித்தான் சில பிள்ளைங்க திரும்ப வந்து ட்ரிப் போட்டுக்கிட்டுப் படுக்குதுங்க. அதனால முதல் வாரம், பத்து நாள் வரைக்கும் மணி பார்த்துக் குடுங்க, சிரிச்சு விளையாடிட்டு இருந்தாலும் குடுங்க.

தேவகோட்டை_ஆச்சி:
ஆத்தா, நானும் பேரன் பேத்தி எல்லாம் வளர்த்து ஆளாக்கினவதான், அதனால சொல்றேன் கோவிச்சுக்காத. பிள்ளைக்கு ஐஸ்கிரீமும் ஐஸ்தண்ணியும் குடுக்கிறீங்களே, நெஞ்சுல சளி கட்டாதா? அறுத்த இடத்துல குளிர்ச்சி படலாமா? நாங்கல்லாம் மிளகு தட்டிப் போட்ட மஞ்சப்பாலு சூடாக் குடுப்போம், தொண்டை கட்டுனா அதுலதான் விடும். மருந்தும் மணிக்கு மணி ஊத்தினா உடம்பு சூடாகிரும், வயித்துப் புண்ணும் வரும். பெரியவுக சொல்றதுல ஒண்ணுமே இல்லன்னு நெனச்சுராதீக.

வார்டு_சிஸ்டர்:
ஆச்சி, நீங்க சொல்ற மஞ்சப்பாலு சளிக்கும் இருமலுக்கும் இதமா இருக்கும், நானே குடிப்பேன். ஆனா இது சளித் தொண்டை இல்ல ஆச்சி, அறுத்த புண்ணு. பச்சைப் புண்ணுல மிளகு பட்டா எப்படி எரியும்னு உங்களுக்கே தெரியும். சூடும் வேணாம், வெதுவெதுப்பு இல்லாட்டி ஆறினது, சில்லுன்னு இருந்தா இன்னும் நல்லது, குளிர்ச்சி அந்த இடத்த மரத்துப் போக வைக்கும். சளி வர்றது கிருமியால, ஐஸ்கிரீமால இல்ல. பால் குடுத்தா எச்சி கொஞ்சம் கெட்டியாத் தெரியும், அதுக்குப் பின்னாடி ரெண்டு வாய் தண்ணி குடுத்தாச் சரியாப் போகும்.

மருந்தால ஈரல் கெடும், வயித்துப் புண் வரும்ங்கிற பயம் அளவு தெரியாமக் குடுக்கிறப்ப நெஜம்தான், அத நான் மறுக்கல. அதனாலதான் எடை போட்டு அளவு சொல்றோம். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவ, ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல வேணாம். ஐபுபுரூஃபன் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரைக்கும், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ, ஏதாச்சும் சாப்பிட்டதோட. 16 கிலோவுக்குக் கணக்குப் போட்டா பாராசிட்டமால் 240, ஐபுபுரூஃபன் 160 மில்லிகிராம் வருது. இந்த அளவ ஒரு வாரம் பத்து நாள் குடுக்கிறதால நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஈரல் கெடாது. ஈரல் கோளாறு, கிட்னி கோளாறு, ரத்தம் உறையாத பிரச்னை, வலி மாத்திரை பட்டா மூச்சு இழுப்பு வர்றது, இதெல்லாம் இருக்கிற பிள்ளைங்க கதை வேற, அவங்க டாக்டர் சொல்றதுதான்.

மெடிக்கல்_கண்ணன்:
சிஸ்டர் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும், இது எங்க கடைக் கவுன்ட்டர்ல தினம் பாக்குற ஆபத்து. பாராசிட்டமால் சிரப் எல்லாம் ஒண்ணு இல்ல. 5 மில்லியில 120 மில்லிகிராம் மருந்து இருக்கிறது ஒண்ணு, 125 ஒண்ணு, 250 ஒண்ணு, கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து ஒரே மில்லியில 100. பாட்டில் சைசு, கலர், வாசனை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "அஞ்சு மில்லி"ன்னு மட்டும் மனசுல வச்சுக்கிட்டு எந்தப் பாட்டிலயாவது ஊத்தினா, ஒண்ணு பாதி மருந்துதான் போகும், இல்லாட்டி ரெட்டிப்பாப் போகும். கோட்டையூர் அக்கா, உங்க பாட்டில் லேபிள்ல என்ன போட்டிருக்கு, சீட்டுல என்ன எழுதியிருக்கு, ரெண்டையும் பார்த்துச் சொல்லுங்க. ஐபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் ஒண்ணாக் கலந்த சிரப்பா, தனித்தனியா அதையும் பாருங்க. கலந்தது குடுத்துட்டு மேல தனியா பாராசிட்டமாலும் குடுத்தா அளவு தாண்டிரும். சளி சிரப் பலதுலயும் பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கும், அதையும் இப்ப குடுக்காதீங்க.

கோட்டையூர்_அம்மா:
கண்ணன் தம்பி, இப்பத்தான் போய்ப் பார்த்தேன், கை நடுங்குது. மதுரை சீட்டுல 250 சிரப் 5 மில்லின்னு தெளிவா எழுதியிருக்காங்க. இங்க கடையில 250 ஸ்டாக் இல்ல, இதுவும் அதேதான்னு சொல்லிக் குடுத்தாங்க, அதுல 5 மில்லிக்கு 120ன்னு போட்டிருக்கு. அப்ப இத்தன நாளும் என் பிள்ளைக்குப் பாதி மருந்துதான் போயிருக்கா? அதுவும் அழுதப்ப மட்டும்.

மெடிக்கல்_கண்ணன்:
ஆமாக்கா, பாதிதான். பாதி மருந்து போனதால கெடுதல் எதுவும் வராது, வலிதான் தாங்கியிருக்கான் பாவம். இதே தப்பு மறுபக்கமா நடந்து 120க்குப் பதிலா 250 குடுத்திருந்தா அதுதான் ஈரலுக்கு ஆபத்து. 250 வாங்க முடியலன்னா கையில இருக்கிற 120லயே 10 மில்லி குடுத்தா அதே 240 வந்துரும், ஆனா நீங்களா மாத்தாதீங்க, டிஸ்சார்ஜ் சீட்டுல இருக்கிற நம்பருக்கு இப்பவே போன் பண்ணி, பாட்டில்ல இருக்கிற நம்பரப் படிச்சுக் காட்டி, எத்தன மில்லின்னு அவங்க வாயால கேட்டுக்குங்க. வீட்டு ஸ்பூன் வேணாம், ஒரு ஸ்பூன் மூணு மில்லி பிடிக்கும், இன்னொண்ணு ஏழு பிடிக்கும். ஊசி இல்லாத சிரிஞ்ச் 10 மில்லி வாங்கிக்குங்க.

வார்டு_சிஸ்டர்:
அந்த சிரிஞ்சால குடுக்கிற விதமும் சொல்றேன். மல்லாக்கப் படுக்கப் போட்டு மூக்கப் பிடிச்சு ஊத்தவே கூடாது, புரையேறும். மடியில நிமித்தி உக்கார வச்சு, சிரிஞ்ச் நுனிய நாக்கு நடுவுல வைக்காம கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு, கொஞ்சம் கொஞ்சமா, முழுங்குறானான்னு பார்த்துப் பார்த்துத் தள்ளுங்க. குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் குச்சி ஐஸ் நக்க விடுங்க, தொண்டை லேசா மரத்துப் போகும். பாராசிட்டமால் குடுத்து அரை மணி கழிச்சுத்தான் சாப்பாடு, தண்ணி எல்லாம், அந்த ஒரு மணி நேரம்தான் பிள்ளை வாயத் தெறக்கும், அத விட்டுராதீங்க.

ராத்திரியிலயும் ஒரு வேளை எழுப்பிக் குடுங்க, இது எல்லாருக்கும் கஷ்டமான விஷயம், தூங்குற பிள்ளைய எழுப்புறதான்னு மனசு வராது. ஆனா மூக்கடைப்பால வாய் வழியா மூச்சு விட்டுத் தூங்குறப்ப தொண்டை ஓடாக் காஞ்சிரும், மருந்தும் இறங்கியிருக்கும், காலையில எந்திரிச்சு முதல் எச்சி முழுங்குறதுதான் அவங்களுக்கு நாள்லயே மோசமான நேரம். நடுராத்திரி ஒரு டோஸ், கூட ரெண்டு வாய் தண்ணி, அம்புட்டுதான். ஏசி போட்டா காத்து இன்னும் காயும், நம்ம பக்கத்து வீடுகள்ல வளவு ஒட்டின அறை இயற்கையாவே குளுமை, அங்க படுக்க வச்சு ஒரு ஈரத்துண்டக் காயப் போட்டாலே போதும்.

பள்ளத்தூர்_ரமணி:
சாப்பாட்டுக்கு நான் செஞ்சதச் சொல்றேன். கும்மாயத்த நல்லாத் தண்ணியாக் கிண்டி, நெய் விட்டு ஆறவச்சு, ஸ்பூன் நுனியில வச்சேன், அதுதான் அவ முதல்ல முழுங்கினது. கருப்பட்டி இனிப்பு பிள்ளைகளுக்குப் பிடிக்கும், உளுந்தும் பாசிப்பருப்பும் இருக்கிறதால சத்தும் போகும். பால் பணியாரம் பால்ல ராத்திரி பூரா ஊறினதுன்னா கையாலயே மசியும். இளநி, அதோட வழுக்கை, நுங்கு, குழைஞ்ச தயிர்சாதம், இடியாப்பம் பால்ல ஊற வச்சது. முறுக்கு, தேங்குழல், சீப்பு சீடை, அப்பளம் எதையும் கண்ணுல காட்டாத, நம்ம வீடுகள்ல டின்னு டின்னா இருக்கும், கேட்டு அழும். புளி ரசம், எலுமிச்சை, ஆரஞ்சு ஜூஸ் எரியும்.

வார்டு_சிஸ்டர்:
ரோஸ்மில்க் மட்டும் வேணாம், சிவப்பா எது குடிச்சாலும் அப்புறம் வாந்தி எடுத்தா ரத்தமா, ரோஸ்மில்க்கான்னு தெரியாமப் போயிரும். சாப்பாடு குறைஞ்சாக் கவலப்படாதீங்க, ஒரு வாரம் எடை கொஞ்சம் இறங்கும், திரும்ப வந்துரும். தண்ணிதான் கணக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒரு வாய், அவ்வளவு கொஞ்சமாக் குடுத்தாக்கூடப் போதும். எட்டு மணி நேரமா ஒண்ணுக்குப் போகல, அழுதாக் கண்ணீர் வரல, உதடு காஞ்சு சோர்ந்து கெடக்கான்னா வீட்ல வச்சுப் பாக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிருங்க. அந்த மாதிரி காஞ்சு கெடக்கிற பிள்ளைக்கு ஐபுபுரூஃபனும் குடுக்காதீங்க, கிட்னிக்கு ஆகாது.

காரைக்குடி_செந்தில்:
சிஸ்டர் ஒரு சந்தேகம், ஐபுபுரூஃபன் குடுத்தா ரத்தம் கசியும்னு எங்க டாக்டர் வேணாம்னுட்டாரு, பாராசிட்டமால் மட்டும்தான் எழுதினாரு. நீங்க ரெண்டும் குடுக்கலாம்ங்கிறீங்க?

வார்டு_சிஸ்டர்:
நல்ல கேள்வி. அமெரிக்க இஎன்டி அகாடமி 2011லயும் 2019லயும் வெளியிட்ட வழிகாட்டுதல்ல ஐபுபுரூஃபன் குடுக்கலாம்னுதான் இருக்கு, 2019ல பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் ரெண்டுல ஒண்ணு, இல்லாட்டி ரெண்டுமேன்னு பரிந்துரை பண்ணாங்க. ஆனா ரத்தக்கசிவு துளிகூட அதிகமாகாதுன்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு ஆராய்ச்சி முடியல, அதனால சில சர்ஜன்கள் தவிர்க்கிறாங்க. உங்க பிள்ளையோட தொண்டையப் பார்த்தவரு அவருதான், அவரு வேணாம்னா வேணாம். வலி அடங்கலன்னா அவரையே திரும்பக் கேளுங்க, நீங்களாச் சேர்க்காதீங்க.

எது குடுக்கவே கூடாதுன்னு சொல்லிர்றேன், இதுல சந்தேகமே வேணாம். கோடீன் கலந்த இருமல் சிரப். கோடீன் உடம்புக்குள்ள போய் மார்ஃபினா மாறும், சில பிள்ளைங்க உடம்பு அத ரொம்ப வேகமா மாத்திரும், அப்ப மூச்சு அடங்கிப் போகும். டான்சில் எடுத்த பிள்ளைங்க இதுல இறந்திருக்காங்க, அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2013லயே டான்சில் ஆபரேஷனுக்கு அப்புறம் குழந்தைகளுக்கு இது ஆகாதுன்னு கடுமையா எச்சரிச்சு, 2017ல 12 வயசுக்குக் கீழ கூடவே கூடாதுன்னு சொல்லிருச்சு. ட்ரமடால்ங்கிற வலி மருந்தும் 12 வயசுக்குக் கீழ கூடாது, டான்சில் ஆபரேஷன்னா 18 வரைக்குமே கூடாதுன்னு அதே வருஷம் சொன்னாங்க. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற பிள்ளைக்கு, அதாவது நம்ம கோட்டையூர்த் தம்பி மாதிரிப் பிள்ளைக்கு, இந்த ஆபத்து இன்னும் அதிகம். நிமெசுலைடுங்கிற வலி, காய்ச்சல் மருந்து நம்ம நாட்டுலயே 2011லேர்ந்து 12 வயசுக்குக் கீழ தடை. ஆஸ்பிரினும் பிள்ளைகளுக்கு வேணாம். பெரியவங்களுக்கு வாங்கின பழைய பாட்டில் வீட்ல கெடந்தா எடுத்து ஒதுக்கி வைங்க.

தேவகோட்டை_ஆச்சி:
நீ சொல்றது வெளங்குது ஆத்தா. மிளகு வேணாம், சரி. தேன் தொட்டு வைக்கலாமா?

வார்டு_சிஸ்டர்:
தாராளமா ஆச்சி, ஒரு வயசு தாண்டின பிள்ளைக்குக் குடுக்கலாம். டான்சில் எடுத்த பிள்ளைங்களுக்குத் தேன் குடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகள்லயே வலி கொஞ்சம் குறையுதுன்னு வந்திருக்கு. மருந்துக்குப் பதிலா இல்ல, மருந்தோட கூட. ஒரு வயசுக்குள்ள இருக்கிற கைக்குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. நீங்க பக்கத்துல இருந்து கதை சொன்னாலே பாதி வலிய மறப்பான் ஆச்சி, மடியில வச்சுக்கிட்டுப் பேச்சுக் குடுக்கிறதும் வலிக்கு நெஜமாவே வேலை செய்யும், வார்டுல பாக்குறோம்.

கோட்டையூர்_அம்மா:
மதுரைக்குப் போன் பண்ணிட்டேன், 120 பாட்டில்லயே 10 மில்லி குடுக்கச் சொன்னாங்க, நாளைக்கு 250 வந்ததும் 5 மில்லி, பழைய பாட்டில வெளிய போட்டுரச் சொன்னாங்க. பாராசிட்டமால் 6, 12, 6, 12ன்னும் ஐபுபுரூஃபன் 8, 4, 12ன்னும் எழுதி அடுப்படிச் சுவத்துல ஒட்டிட்டேன், குடுத்த உடனே டிக் போடணும்னு மாமியார்கிட்டயும் சொல்லிருக்கேன், நான் ஒண்ணும் அவுக ஒண்ணும் ரெட்டிப்பாக் குடுத்துறக் கூடாதுல்ல. மதியம் 12 மணி டோஸ் குடுத்து அரை மணி கழிச்சு அரை டம்ளர் இளநி குடிச்சான், கும்மாயம் நாலு வாய். ஒண்ணுக்கும் போனான். கண்ணு கலங்கிருச்சு எனக்கு.

இன்னொண்ணு கேக்கணும். அடுத்த வாரம் கீழச்சிவல்பட்டியில எங்க ஐயாவுக்கு வயசு நிறைவுச் சாந்தி விசேஷம். பிள்ளையக் கூட்டிட்டுப் போலாமா?

வார்டு_சிஸ்டர்:
சந்தோஷம்மா. சாந்திக்குக் கூட்டிட்டுப் போக வேணாம்னுதான் நான் சொல்லுவேன், அம்புட்டுப் பேரு தூக்கிக் கொஞ்சுவாங்க, சளி ஒட்டிக்கும். அதவிடப் பெரிய காரணம், அந்தப் பொருக்கு உரியுற நாள் அதுதான், அஞ்சாம் நாள்லேர்ந்து பத்தாம் நாளுக்குள்ளதான் திரும்ப ரத்தம் வர்ற பயம். எச்சியில ஒரு சின்னக் கோடு மாதிரி வந்து நின்னாலும் டாக்டருக்குப் போன் பண்ணுங்க. சிவப்பா ரத்தம் துப்பினாலோ, கட்டி வந்தாலோ, காப்பித்தூள் மாதிரி வாந்தி எடுத்தாலோ, தூக்கத்துல அடிக்கடி எதையோ முழுங்கிக்கிட்டே இருந்தாலோ நிமிஷம் தாமதிக்கக் கூடாது. கடைசியாச் சொன்னத யாரும் கவனிக்க மாட்டாங்க, ராத்திரி டோஸ் குடுக்க எந்திரிக்கிறப்ப அப்படி முழுங்கிக்கிட்டே இருக்கானான்னு ஒரு தடவ நின்னு பாருங்க. அப்படி ஆச்சுன்னா நிமித்தி உக்கார வச்சு, லேசா முன்னாடி குனிய வச்சுத் துப்ப விடுங்க, வாய்க்கு ஒண்ணும் குடுக்காதீங்க, திரும்ப மயக்க மருந்து குடுக்க வேண்டி வரலாம். ஆபரேஷன் பண்ணினது மதுரைங்கிறதுக்காக நீங்களா அவ்வளவு தூரம் காரோட்டிக்கிட்டுப் போகாதீங்க, 108க்கு அடிச்சு முதல்ல காரைக்குடியில பக்கத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, போற வழியில உங்க சர்ஜனுக்குப் போன் பண்ணுங்க.

காய்ச்சல் முதல் ரெண்டு மூணு நாள் லேசா இருக்கும், 102 தாண்டினாச் சொல்லுங்க. கழுத்த ஒரு பக்கமாவே சாய்ச்சு வச்சுக்கிட்டுத் திருப்ப முடியாம இருந்தாலும் காட்டணும்.

புதுவயல்_தந்தை:
இழைய முழுசாப் படிச்சேன், நடுங்கிப் போயிட்டேன். என் மகளுக்கு ஏழு வயசு, டான்சில் எடுத்து ரெண்டு நாள் ஆச்சு, வேற ஊர்ல பண்ணினோம். சீட்டுல ட்ரமடால் சொட்டு மருந்துன்னு இருக்கு, இன்னிக்குக் காலையில ஒரு வேளை குடுத்துட்டோம். இப்பத் தூங்குறா.

வார்டு_சிஸ்டர்:
சார், இப்பவே போய் எழுப்புங்க. கண்ணத் தெறந்து பேசுறாளா, மூச்சு சீரா இருக்கா, உதடு நிறம் சரியா இருக்கான்னு பாருங்க. எழுப்பினா எந்திரிக்கல, மூச்சு ரொம்ப மெதுவா இருக்கு, குறட்டை புதுசா சத்தமா வருதுன்னா 108. நல்லா எந்திரிச்சுப் பேசினாலும் அடுத்த டோஸ் குடுக்காம டாக்டருக்குப் போன் பண்ணி, வயசச் சொல்லி, ட்ரமடாலுக்குப் பதிலா பாராசிட்டமால் எடைக்குத் தக்க அளவுல எழுதித் தரக் கேளுங்க. இன்னிக்குப் பூரா யாராச்சும் ஒருத்தர் பக்கத்துலயே இருங்க. பார்த்துட்டு இங்க எழுதுங்க, நான் ஆன்லைன்லதான் இருக்கேன்.

புதுவயல்_தந்தை:
எழுப்பிட்டேன் சிஸ்டர். எந்திரிச்சா, தண்ணி கேட்டா, பேர் சொல்றா, மூச்சு சரியாத்தான் இருக்கு. அவுக அம்மா பக்கத்துல உக்காந்திருக்கா. டாக்டர் லைன்ல வந்துட்டாரு, பேசிட்டு வர்றேன்.

மெடிக்கல்_கண்ணன்:
சார் அவரு புதுசா என்ன எழுதுறாரோ, கடையில வாங்கினதும் 5 மில்லிக்கு எத்தனன்னு லேபிளப் படிச்சு இங்க போடுங்க, மகளோட எடையும் சொல்லுங்க, சேர்ந்து பார்த்துருவோம்.